பொம்மை சேர்க்கும் ஆசை நிலைக்குமா? லபுபு முதல் கொலுப்படி வரை ஒரு ஆடிட்டர் கணக்கு



பொம்மை சேர்க்கிறது முதலீடா, செலவா? இழுக்காம முதல்லயே சொல்லிடறேன்: செலவு. நல்ல செலவா இருக்கலாம், மனசு நிறையற செலவா இருக்கலாம், ஆனா செலவுதான். சினிமா டிக்கெட், திருப்பதி பயணம், பையனோட கிரிக்கெட் கோச்சிங் இதையெல்லாம் நோட்டுல எந்தப் பக்கம் எழுதறோமோ, அதே பக்கத்துலதான் இதையும் எழுதணும்.

"அவ்வளவுதானே, முடிஞ்சுது"ன்னு கிளம்பிடாதீங்க. எனக்கு இதுல முக்கியமாப் படற கேள்வி வேற. இந்த ஆசை நிலைக்குமா? இன்னைக்கு ராத்திரி அலாரம் வெச்சு எழுந்து ஆர்டர் போடற பொம்மையை 5 வருஷம் கழிச்சும் அலமாரியில வெச்சு ரசிப்போமா, இல்ல மூட்டை கட்டிப் பரண்ல போடுவோமா? இதுக்குப் பதில் தெரிஞ்சாத்தான் எவ்வளவு பணம் போடலாம்னு முடிவு பண்ண முடியும்.

நான் பார்த்த வரைக்கும் பொம்மை வாங்கறவங்க மனசுல ரெண்டு ஆசை கலந்து கிடக்கு. ஒண்ணு அவங்களோடது. இன்னொண்ணு ஊரோடது. ஊரோட ஆசை கண்டிப்பா வடியும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. உங்களோடது நிலைக்கலாம். வாங்கற நேரத்துல எது எதுன்னு பிரிச்சுப் பார்க்க முடியாததுதான் சிக்கல்.

லபுபுவைத் தெரியாதவங்க இப்போ குறைவு. முயல் காது, உருண்டைக் கண்ணு, வாய் நிறைய ஒன்பது கூர்ப்பல்லு. ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ஓவியர் காசிங் லுங், 2015-ல் 'தி மான்ஸ்டர்ஸ்' என்ற படக்கதை வரிசைக்காக வரைந்த உருவம் அது. 2019-ல் சீனாவின் பாப் மார்ட் கம்பெனி அதை பொம்மையாக விற்க உரிமம் வாங்கியது. அதுக்கப்புறமும் நாலஞ்சு வருஷம் பெரிய சத்தம் கிடையாது. 2023-ல் பையில மாட்டற மாதிரி சாவிக்கொத்து பொம்மையா வந்தது. 2024 ஏப்ரலில் 'பிளாக்பிங்க்' பாடகி லிசா தன்னோட லபுபுவைப் படம் பிடிச்சுப் போட்டாங்க. அவ்வளவுதான், தாய்லாந்துல ஆரம்பிச்ச தீ எல்லா ஊருக்கும் பரவிடுச்சு.

கம்பெனி கணக்கைப் பார்த்தா எனக்கே கண்ணைக் கட்டுது. 2024-ல் பாப் மார்ட்டின் மொத்த வருமானம் 1,304 கோடி யுவான், முந்தைய வருஷத்தைவிட ரெண்டு மடங்குக்கு மேல். அதுல லபுபு குடும்பம் மட்டும் சுமார் 304 கோடி யுவான், முந்தைய வருஷத்தைப் போல எட்டு மடங்கு. 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் ஆள் உயர லபுபு ஒன்று 10.8 லட்சம் யுவானுக்குப் போனது. நம்ம பணத்துல ஒண்ணேகால் கோடி. அந்தச் செய்தி வந்த வாரம்தான் நிறைய பேர் "நம்ம வீட்டுல இருக்கறதும் சொத்துதான்"னு நினைக்க ஆரம்பிச்சாங்க.

ஆனா அதே ஜூன் மாசம் இன்னொண்ணும் நடந்துச்சு, அது இந்த அளவுக்குப் பேசப்படல. கம்பெனி பெரிய அளவுல புது ஸ்டாக்கை இறக்குச்சு. உடனே சீனாவுல மறுவிற்பனை விலை சரிஞ்சு, சில ரகங்கள் கிட்டத்தட்ட பாதிக்கு வந்துச்சு. பொம்மை அதேதான். பல்லும் அதே ஒன்பதுதான். மாறினது என்ன? "கிடைக்காது"ங்கறது "கிடைக்கும்"னு மாறிடுச்சு, அவ்வளவே.

தங்கத்தோட ஒப்பிடறவங்க இதைக் கவனிங்க. தங்கம் வேணும்னா சுரங்கம் தோண்டணும். பொம்மை வேணும்னா அச்சு இருக்கு, தொழிற்சாலை இருக்கு, நாளைக்குக் காலையில ஷிப்ட் போட்டா வந்துடும். எவ்வளவு சரக்கு மார்க்கெட்டுக்கு வரணும்னு ஒரே ஒரு கம்பெனி முடிவு பண்ற பொருளை நீங்க சேமிப்புன்னு சொன்னா, உங்க சேமிப்போட சாவி அவங்க கையில இருக்குன்னு அர்த்தம்.

அடுத்து, மூடின பெட்டி விவகாரம். உள்ள எந்த பொம்மைன்னு தெரியாமலே வாங்கற 'பிளைண்ட் பாக்ஸ்'. ஒரு வரிசையில பொதுவா ஆறு சாதா பொம்மை, கூட ஒரு 'சீக்ரெட்' பொம்மை. சீக்ரெட் கிடைக்கற வாய்ப்பு 72-ல் 1. அமெரிக்காவில் ஒரு பெட்டி 27.99 டாலர், நம்ம கணக்குல சுமார் 2,400 ரூபாய்னு வெச்சுக்குவோம். இங்க வந்து சேரும்போது கூரியர், சுங்க வரி, இடைத்தரகர் லாபம் எல்லாம் தனி.

ஆறு பொம்மையும் வேணும்னு ஒருத்தர் தனித்தனிப் பெட்டியா வாங்கறார்னு வைங்க. ஆறு பெட்டி வாங்கினா ஆறும் வந்துடும்னு மனசு சொல்லும். வராது. முதல் பெட்டி எதுவா இருந்தாலும் புதுசுதான். ரெண்டாவதுல இருந்து வந்ததே திரும்ப வர ஆரம்பிக்கும். கடைசி ஒரு பொம்மைக்காக மட்டுமே சராசரியா ஆறு பெட்டி உடைக்கணும். கூட்டிப் பார்த்தா, ஆறும் சேர சராசரியா 15 பெட்டி ஆகும். 14,400 ரூபாய்னு நினைச்சு இறங்கினவர் 35,000 ரூபாய்ல நிப்பார், கையில ஒன்பது டூப்ளிகேட் இருக்கும். பிரிக்காத முழு கேஸா வாங்கினா ஆறும் பொதுவா வேறவேறயா வரும். அது ஒரு வழி. ஆனா அப்போ அந்த 'என்ன வருமோ'ங்கற படபடப்பு போயிடும், அந்தப் படபடப்புக்குத்தான் பாதிப் பேர் காசு குடுக்கறாங்க.

சீக்ரெட் கணக்கு இன்னும் மோசம். 72-ல் 1-ன்னா 72 பெட்டி வாங்கினா ஒண்ணு நிச்சயம்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனிக் குலுக்கல்னு எடுத்துக்கிட்டா, 72 பெட்டி, அதாவது 1,72,800 ரூபாய் செலவு பண்ணின பிறகும் 100-க்கு 36 பேருக்கு சீக்ரெட் வந்திருக்காது. சீனாவே இந்த மூடின பெட்டிகளுக்கு 2023-ல் வழிகாட்டு விதி போட்டு, 8 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைங்களுக்கு விற்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. ஆக, இது பொம்மைக் கடை பாதி, லாட்டரிக் கடை பாதி. பொம்மை மேல இருக்கற ஆசை வேற, குலுக்கல் மேல இருக்கற ஆசை வேற. ரெண்டாவது ஆசை நிலைக்கும்தான், ஆனா அது பொம்மையோட நிக்காது, அடுத்து என்ன பெட்டி வந்தாலும் அதுகூடப் போயிடும்.

போன வருஷம் ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்த ஒரு பொண்ணைப் பத்தி இங்க சொல்லணும். வயசு 26, சிறுசேரியில ஐடி வேலை. கணக்கைப் பார்த்துக்கிட்டிருக்கும்போது கிரெடிட் கார்டு பாக்கி 62,000 ரூபாய் நின்னுது. கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "பொம்மை சார்"ன்னாங்க. மொத்தம் 38. "ஆனா சார், ரீசேல் விலை பார்த்தா ரெண்டு லட்சத்துக்கு மேல வரும்"னு போனை எடுத்துக் காட்டினாங்க. "இதுவரை எத்தனை வித்தீங்கம்மா?"ன்னு கேட்டேன். ஒண்ணுகூட இல்ல.

நாங்க ஆடிட் பண்ணும்போது கடையில இருக்கற சரக்குக்கு மதிப்பு போட ஒரு விதி உண்டு. வாங்கின விலை ஒரு பக்கம், இன்னைக்கு வித்தா செலவு போகக் கைக்கு வர்ற விலை இன்னொரு பக்கம். எது குறைவோ அதைத்தான் எழுதணும். கூடுதலா இருக்கறதை எழுத விடமாட்டோம். ஏன்னா விக்காத சரக்குல லாபம்னு ஒண்ணு கிடையாது. அந்தப் பொண்ணோட பட்டியலை அந்த விதிப்படி போட்டோம். போன்ல தெரியறது விக்கறவர் கேட்கற விலை, வாங்கறவர் குடுத்த விலை இல்ல. அதுல ஆப் கமிஷன் கழிச்சோம், கூரியர் கழிச்சோம். டூப்ளிகேட்டா வந்தது எல்லாம் எல்லார்கிட்டயும் டூப்ளிகேட்டாத்தான் இருக்கும்னு அதுக்கு இன்னும் கொஞ்சம் கழிச்சோம். இது போக, சந்தையில போலி லபுபு குவிஞ்சு கிடக்கு, அதுக்கு 'லஃபுஃபு'ன்னு பட்டப்பேரே வெச்சுட்டாங்க. அதனால வாங்கறவர் அசல்னு நம்பணும், நம்பலைன்னா பேரம். ரெண்டு லட்சம் எங்கயோ போயிடுச்சு.

ஆனா அந்தப் பொண்ணை உறுத்தினது அந்தக் கணக்கு இல்ல. கார்டு வட்டிதான். 62,000-க்கு மாசம் 3.5% வட்டின்னா 2,170 ரூபாய். அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, மொத்தம் 2,560 ரூபாய். மாசா மாசம் ஒரு லபுபு விலை போகுது, பொம்மை மட்டும் வரல!

இந்த இடத்துல எஸ்ஐபி கணக்கு போட்டு, "இதையே மியூச்சுவல் ஃபண்ட்ல போட்டிருந்தா"ன்னு ஆரம்பிப்பேன்னு நினைச்சிருப்பீங்க. போடல. எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்காது. அந்த மாதிரி பார்த்தா காபி குடிக்க முடியாது, பொண்டாட்டி புள்ளையோட பீச்சுக்குப் போக முடியாது. செலவைச் செலவோடதான் ஒப்பிடணும். அந்தப் பொண்ணுகிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "இந்த 38-ல் எதையெல்லாம் பெட்டியைப் பிரிச்சு வெளிய வெச்சிருக்கீங்க?" ஏழு. மீதி 31-ம் பிரிச்சுப் பார்த்துட்டு, விலை ஏறும்னு திரும்ப அப்படியே பெட்டிக்குள்ள வெச்சது.

அந்த ஏழுதான் அவங்களோட ஆசை. 31 ஊரோட ஆசை.

இது புதுசும் இல்ல. அமெரிக்காவில் 1990-களில் பீனி பேபின்னு ஒரு பொம்மை. 1993-ல் டை வார்னர் என்பவரோட கம்பெனி கொண்டு வந்தது. உள்ளங்கையில அடங்கற துணி பொம்மை, விலை சுமார் 5 டாலர். பெரிய சங்கிலிக் கடைகளுக்குக் குடுக்காம சின்னச் சின்னக் கடைகள்லயே வித்தாங்க. அப்பப்போ ஒரு ரகத்தை 'ரிடையர் ஆயிடுச்சு'ன்னு அறிவிப்பாங்க. இனி வராதுன்னு தெரிஞ்சதும் ஜனங்க பறந்தாங்க. அப்போதான் முளைச்சிருந்த ஈபே தளத்துல பெருசா ஓடின சரக்குகள்ல இதுவும் ஒண்ணு. பொம்மை காதுல தொங்கற அட்டை மடங்கினா விலை போயிடும்னு, அந்த அட்டைக்கு பிளாஸ்டிக் உறை வித்தாங்க. எந்த பொம்மை எந்த வருஷம் எவ்வளவுக்குப் போகும்னு விலைப் புத்தகம் போட்டு வித்தாங்க. பிள்ளைங்க காலேஜ் படிப்புக்கு ஆகும்னு சேர்த்த குடும்பங்கள் உண்டு.

1999-ல் லாஸ் வேகாஸ் கோர்ட்டில் எடுத்த ஒரு புகைப்படம் ரொம்பப் பிரபலம். விவாகரத்து ஆன கணவனும் மனைவியும் கோர்ட் ஹால் தரையில உட்கார்ந்து, குவிச்சு வெச்ச பீனி பேபிகளை ஒண்ணொண்ணா மாத்தி மாத்தி எடுத்துப் பங்கு பிரிக்கறாங்க. அந்த வருஷக் கடைசியோட எல்லா பீனி பேபியையும் நிறுத்தப் போறோம்னு கம்பெனி அறிவிச்சு, அப்புறம் ஜனங்ககிட்ட ஓட்டெடுப்பு நடத்தி, "சரி, தொடர்றோம்"ன்னாங்க. அதுக்குள்ள ஜனங்களுக்குச் சலிச்சுப் போச்சு. விலை விழுந்துச்சு. இன்னைக்கு அதுல பெரும்பாலானவை சில டாலருக்குப் பழைய சாமான் விற்பனையில கிடைக்கும். (டை வார்னர் பணக்காரராவே இருக்கார். சுவிஸ் வங்கியில மறைச்ச கணக்குக்காக 2013-ல் வரி ஏய்ப்புக் குற்றத்தை ஒத்துக்கிட்டு, 5 கோடி டாலருக்கு மேல அபராதம் கட்டினார். ஆடிட்டர் கட்டுரைன்னா இதைச் சொல்லாம போக முடியுமா!)

ஏன் விழுந்துச்சு? எல்லாரும் பத்திரமா வெச்சிருந்தாங்க, அதான். 1959-ல் முதல் பார்பி 3 டாலருக்கு வந்தது. அதை யாரும் சொத்துன்னு வாங்கல. பிள்ளைங்க முடியை வெட்டினாங்க, பெட்டியைக் கிழிச்சாங்க, தூக்கிப் போட்டாங்க. அதனாலதான் பெட்டியோட முழுசா மிஞ்சின சில பார்பிகளுக்கு இன்னைக்கு ஆயிரக்கணக்குல டாலர் விலை. பீனி பேபி எல்லார் வீட்டிலயும் அட்டைகூட மடங்காம இருந்துச்சு. எல்லார்கிட்டயும் புதுசா இருக்கற பழைய பொருளுக்கு யார் விலை குடுப்பாங்க? இன்னைக்கு லபுபு பெட்டியை ஒட்டு பிரிக்காம அடுக்கற ஒவ்வொருத்தரும் இதைத்தான் திரும்பச் செய்யறாங்க.

"பொம்மை வேணாம், அந்தக் கம்பெனி ஷேர் வாங்கலாமா?"ன்னு கேட்கறவங்களும் இருக்காங்க. அது வேற கட்டுரைக்கான விஷயம், ஆனா ஒரு வரி சொல்லிடறேன். பாப் மார்ட் 2020 டிசம்பரில் ஹாங்காங் சந்தைக்கு 38.50 ஹாங்காங் டாலர் விலையில வந்தது. சில மாசத்துல 100-ஐத் தாண்டிச்சு. 2022 அக்டோபரில் 10-க்குப் பக்கத்துல கிடந்துச்சு. 2025 ஆகஸ்டில் 330-ஐத் தாண்டி, அந்த வருஷ முடிவுக்குள்ள 200 அளவுக்கு இறங்கிச்சு. வயித்துல கலக்கம் இல்லாம இதைத் தாங்கறவங்க குறைச்சல். எனக்கு அதுல சுவாரசியமாப் பட்டது வேற. 2025 முதல் அரையாண்டில், லபுபு கொடிகட்டிப் பறந்தப்போகூட, கம்பெனி வருமானத்துல லபுபு குடும்பத்தோட பங்கு 34.7%தான். மீதி மற்ற பொம்மைங்க. விக்கறவங்களே ஒரே பொம்மையை நம்பி இல்ல.

சரி, அப்போ எந்த பொம்மை ஆசையும் நிலைக்காதா? நிலைச்ச ஒண்ணு நம்ம ஊர்லயே இருக்கே. கொலு.

எல்லா வீட்டுலயும் கொலு வைக்கற பழக்கம் கிடையாது, தெரியும். வைக்கற வீடுகள்ல அது எப்படித் தலைமுறை தாண்டி ஓடுதுன்னு யோசிச்சுப் பார்த்தேன். பணக் கண்ணோட பார்த்தா பிரமாதமான ஏற்பாடு. முதல்ல, வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது வாங்கணும்ங்கறது வழக்கம். ஒண்ணாவதுன்னுதான் சொல்றாங்க, ஆனா படி இருக்கற இடத்துக்கு மேல வாங்க முடியாது. மூணு, அஞ்சு, ஏழு, ஒன்பதுன்னு படி கட்டியாச்சுன்னா அதுதான் பட்ஜெட். அடுத்தது, வருஷத்துல பத்து நாள்தான் வெளிய இருக்கும். மீதி நாள் பழைய வேஷ்டித் துணியில சுத்திப் பெட்டிக்குள்ள. லபுபுவுக்கு ஸ்டாக்கைக் குறைச்சுத் தவிப்பை உண்டாக்கறாங்க. கொலுவுக்கு நாளைக் குறைச்சு உண்டாக்கி வெச்சிருக்காங்க. பெட்டியைத் திறக்கும்போது போன வருஷ பொம்மையே புதுசாத் தெரியும். அதுவும் போக, பார்க்க ஆள் வருவாங்க. சுண்டல், வெத்தலை பாக்கு, "இந்த செட்டியார் பொம்மை உங்க பாட்டி காலத்துதா?"ங்கற பேச்சு. ஆசை கொஞ்சம் வடிஞ்ச வருஷத்துலகூட வழக்கம் தாங்கிப் பிடிச்சிடும்.

ரீசேல் விலை? பூஜ்யம். யாரும் எதிர்பார்க்கறதும் இல்ல. காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரை விளாச்சேரின்னு களிமண்ணுலயும் காகிதக்கூழ்லயும் செய்யற குடும்பங்களுக்குக் காசு போகுது. நவராத்திரிக்கு முன்னாடி மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில பேரம் பேசி வாங்கற பொம்மையை அடுத்த வருஷம் என்ன விலைக்கு விக்கலாம்னு யோசிச்ச ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்ல.

ஆனா இதையும் ரொம்பப் புகழ்ந்துடக் கூடாது, ஏன்னா அதோட மறுபக்கத்தையும் என் தொழில்ல பார்த்திருக்கேன். மாம்பலத்துல ஒரு குடும்பம். அம்மா காலமாகி, வீடு பில்டர்கிட்ட போகுது. ரெண்டு பொண்ணு, ஒரு பையன். பையன் வெளிநாட்டுல. சொத்துப் பட்டியல் எழுதற வேலை எனக்கு. வீடு, எஃப்டி, லாக்கர் நகை, கொஞ்சம் ஷேர். கடைசியா பரண்ல 14 டிரங்குப் பெட்டி, அத்தனையும் கொலு பொம்மை. அந்த அம்மா ஒவ்வொரு பொம்மையோட அடியிலயும் வருஷத்தைப் பென்சில்ல எழுதி வெச்சிருந்தாங்க. ஒரு தவில் வித்வான் பொம்மைக்குக் கீழ '1974, பெரியவ பொறந்தது'ன்னு இருந்துச்சு.

மூணு பேருக்கும் கண்ணு கலங்கிச்சு. ஆனா 14 பெட்டியை யார் எடுத்துக்கறதுங்கற பேச்சு வந்ததும் அமைதி. பெரியவங்களுக்கு ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், பரண் கிடையாது. சின்னவங்க வீட்டுல கொலு வைக்கற பழக்கமே நின்னுபோச்சு. பையனுக்கு விமானத்துல எடுத்துட்டுப் போக வழியில்ல. பொம்மைக் கடையில கேட்டா, "பழசு எடுக்கறதில்ல சார்"ன்னுட்டாங்க. கடைசியில பத்துப் பெட்டி ஒரு அபார்ட்மென்ட் அசோசியேஷனுக்குப் போச்சு, பொது ஹால்ல கொலு வைக்கறவங்க. மூணு பெட்டி ஒரு முதியோர் இல்லத்துக்கு.

பதினாலாவது பெட்டியிலதான் பிரச்சனை. அதுல மரப்பாச்சி ஜோடி இருந்துச்சு, அம்மாவுக்கு அவங்க அம்மா கல்யாணத்தப்போ குடுத்தது. பட்டியல்ல அதுக்கு நேரா மதிப்பு 'இல்லை'ன்னு எழுதியிருந்தேன். வீட்டையும் நகையையும் ஒரே சாயங்காலத்துல பிரிச்சுக்கிட்ட அக்கா தங்கை ரெண்டு பேரும், அந்த ஜோடிக்காக ரெண்டு வாரம் பேசிக்கவே இல்ல. ஜோடியைப் பிரிக்கக் கூடாதுங்கறதுல மட்டும் ரெண்டு பேரும் ஒத்துப்போனாங்க. பெரியவங்க வீட்டுல இருக்கட்டும், சின்னவங்க பொண்ணு கல்யாணத்துக்கு அது சீரா வந்துடணும்னு முடிவாச்சு. அதைப் பாகப்பிரிவினைப் பத்திரத்துல எழுத முடியாது, ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதி மூணு பேரும் கையெழுத்துப் போட்டாங்க.

அதனால கொலு சேர்க்கறவங்ககிட்டயும் நான் சொல்றது இதுதான்: 14 பெட்டி ஆசை உங்களோடது, பிள்ளைங்களோடது ஒரு பெட்டியா இருக்கலாம். எந்தப் பெட்டின்னு நீங்க இருக்கும்போதே கேட்டுடுங்க. மீதியை உங்க கையாலயே, தேவைப்படற வீட்டுக்குக் குடுத்துடுங்க.

லபுபுவோ, பார்பியோ, கொலுவோ, புதுசா சேர்க்க ஆரம்பிக்கறவங்களுக்கு என் அளவுகோல் இது. வீட்டுக் கடன், இன்சூரன்ஸ், ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி எல்லாம் போக, கைக்கு வர்ற சம்பளத்துல 3%க்கு மேல போக வேணாம். 50,000 ரூபாய் சம்பளம்னா மாசம் 1,500. ஒரு பொம்மை 2,400-னா ரெண்டு மாசம் காத்திருங்க. அந்த ரெண்டு மாசக் காத்திருப்புல ஆசை அப்படியே இருந்தா வாங்குங்க. பெரும்பாலும் வேற ஏதாவது மேல மனசு போயிருக்கும். கார்டுல இஎம்ஐ மட்டும் வேண்டவே வேண்டாம், 'நோ காஸ்ட்'னு எழுதியிருந்தாலும் சரி. வாங்கினதும் பெட்டியைப் பிரிங்க. பிரிக்க மனசு வரலைன்னா, நீங்க பொம்மை வாங்கல, சூதாடியிருக்கீங்க.

சிறுசேரிப் பொண்ணு அந்த 31-ஐயும் விக்க ஆரம்பிச்சாங்க. எல்லாம் போக நாலு மாசம் ஆச்சு. கமிஷன், கூரியர் போகக் கைக்கு வந்தது வாங்கின விலையைவிடக் குறைவு, ஆனா கார்டு பாக்கியை முழுசா அடைக்கப் போதுமானதா இருந்துச்சு. அந்த ஏழு மட்டும் ஆபீஸ் மேஜையில இருக்காம்.

விக்கறவங்களுக்காக வரி விஷயம் கொஞ்சம். சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த சாதாரண பொம்மையை வித்தா, அது வருமான வரிச் சட்டப்படி 'தனிப்பட்ட உபயோகப் பொருள்', மூலதன ஆதாய வரி வராது. அதே காரணத்தால நஷ்டம் வந்தாலும் எங்கயும் கழிக்க முடியாது. ஆனா நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் இதெல்லாம் அந்தச் சலுகைக்கு வெளிய. பஞ்சலோகச் சிலையையோ பெரிய கலைஞர் கையால செஞ்ச சிற்பத்தையோ பொம்மைன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. அதை 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா லாபத்துக்கு 12.5% வரி. மூணாவது ரகம், இன்ஸ்டாகிராம்ல பக்கம் வெச்சு, வாங்கி வாங்கி விக்கறவங்க. அது வியாபாரம். லாபம் உங்க ஸ்லாப்படி வருமானத்துல சேரும். "ஹாபி சார்"னு சொன்னா எடுபடாது, யுபிஐ-ல வந்த ஒவ்வொரு ரூபாயும் பேங்க் ஸ்டேட்மென்ட்ல இருக்கு. வாங்கின பில், கூரியர் ரசீது, சுங்க வரி கட்டின சீட்டு எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு வைங்க, செலவாக் கழிக்க உதவும். அந்தக் கவரை ஏப்ரல்லயே உங்க ஆடிட்டர்கிட்ட குடுத்துடுங்க, ஜூலை 30-ஆம் தேதி ராத்திரி வாட்ஸ்அப்ல ஃபோட்டோ எடுத்து அனுப்பாதீங்க.